பட்டறை பதில்கள்: அப்பா ஓட்டிய கார்

கேள்வி: ஐயா, நான் சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். வயது 44. வாடிப்பட்டி அருகே ஒரு அரிசி ஆலை முதலாளியிடம் என் அப்பா 19 வருடம் டிரைவராக இருந்தார். அவர் ஓட்டிய 1972ஆம் வருட ஃபியட் கார், ஆலையின் பின்பக்கக் கொட்டகையில் 2011 முதல் அசையாமல் நிற்கிறது. முதலாளி காலமாகிவிட்டார். பிள்ளைகள் ஆலையை விற்கப் போகிறார்கள். கார் வேண்டுமென்றால் 90,000 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம் என்கிறார்கள். என்னிடம் இரண்டரை லட்சம் சேமிப்பு இருக்கிறது. கார் ஓட்டத் தெரியும், ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. அப்பா இப்போது இல்லை. வீட்டில் 'கிறுக்குப் பிடிச்சிருக்கா' என்று கேட்கிறார்கள். வாங்கிப் புதுப்பிக்கலாமா?
(பெயர் வேண்டாம், சோழவந்தான்)

பதில்: தம்பி, உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றே உட்கார்ந்திருந்தால் 'வாங்கிவிடுங்கள்' என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன். அந்தப் பயத்தில்தான் தள்ளிப் போட்டேன். இதே கிறுக்கு எனக்கும் ஒருமுறை பிடித்தது. 1998இல் போடி பக்கம் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை 22,000 ரூபாய் கொடுத்து, லாரியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தேன். அப்போது எனக்குப் பட்டறையில் 25 வருட அனுபவம். நமக்குத் தெரியாததா என்ற திமிர். ஆறு வருடம் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. நான்காவது வருடத்திலிருந்து அதன் பின்சீட்டில் என் வீட்டம்மா புளிப் பானையை வைக்க ஆரம்பித்தார். நல்ல இடம், எறும்பு வராது என்றார். ஆக, ஜெயித்தவன் சொல்லும் யோசனை இல்லை இது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

காரைப் பார்க்க இப்போதே போகாதீர்கள். போனால் கதவைத் திறப்பீர்கள், அப்பா உட்கார்ந்த சீட்டில் உட்காருவீர்கள், ஸ்டியரிங்கைப் பிடிப்பீர்கள். அதற்கப்புறம் நான் எழுதுவது எதுவும் உங்கள் காதில் ஏறாது. முதலில் ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஃபியட் என்று நாம் எல்லாரும் சொன்னாலும், 1972 வண்டி என்றால் புத்தகத்தில் 'பிரீமியர் பிரசிடென்ட்' என்று இருந்தாலும் இருக்கும். இத்தாலிக்காரர்களின் ஃபியட் 1100 காரை பம்பாயில் பிரீமியர் கம்பெனி தயாரித்து விற்றது. அந்த சமயத்தில்தான் ஃபியட் பெயரை எடுத்துவிட்டு பிரசிடென்ட் என்று வைத்தார்கள். 'பத்மினி' ஆனது அதற்கும் பிறகு. பெயர் மாறியதே தவிர வண்டி ஒன்றுதான். புத்தகத்தில் வேறு பெயரைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள்.

மிரள வேண்டியது வேறு விஷயத்துக்கு. ஆர்.சி. செத்துப்போன முதலாளியின் பெயரில் இருக்கிறதா, ஆலையின் பெயரில் இருக்கிறதா? அவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசு ஒருவர் பெயருக்கு 31ஆம் படிவத்தில் மாற்றி, அவரிடமிருந்து உங்களுக்கு 29, 30 படிவங்களில் மாற்ற வேண்டும். மூன்று பிள்ளைகள் இருந்து அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தால், அவருடைய சம்மதக் கடிதம் வரும்வரை பத்து ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். 'கையெழுத்துதானே சார், அப்புறம் வாங்கிக்கலாம்' என்பார்கள். ஆலையை விற்றுவிட்டு ஆளுக்கொரு திசையில் போன பிறகு எங்கே போய் வாங்குவீர்கள்? எந்தக் காலத்திலோ வாங்கிய கடனுக்கு அடமானப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்த கடனாக இருந்தாலும், புத்தகத்தில் ரத்து செய்யாமல் விட்டிருந்தால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு அந்த எண்ணைச் சொல்லி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். இது டி.என். 58, 59 எல்லாம் வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து எண். பழைய பதிவேட்டில் இருப்பது கணினியில் ஏறியிருக்காமல் இருக்கலாம். ஏற்ற முடியும், ஆனால் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். 2011க்குப் பிறகு யாரும் பதிவைப் புதுப்பித்திருக்க மாட்டார்கள். தாமதத்துக்கு அபராதம் உண்டு, பசுமை வரி உண்டு. மொத்தம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விலை பேசும்போது அந்தத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள்.

உங்கள் வீட்டில் 'பதினைந்து வருடத்துக்கு மேலான காரை ரோட்டில் ஓட்டவே கூடாதாமே' என்றும் கேட்டிருப்பார்கள். அது டெல்லி வட்டாரத்துச் சங்கதி. இங்கே பதினைந்து வருடம் முடிந்ததும் வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, தகுதி இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இருபது வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கிவிட்டார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிய, 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதிகிற வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த எண் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சிக்கு, பழைய கார் அணிவகுப்புக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அழகர்கோவில் போய் வரலாம் என்று கனவு இருந்தால் சாதாரணப் புதுப்பித்தல்தான் சரி. எந்தப் பக்கம் போனாலும் பழைய எண் உங்களோடுதான் இருக்கும்.

காகிதம் சரியாக வந்தால் இப்போது காருக்குப் போவோம்.

கையில் ஒரு சின்னக் காந்தம், அதைச் சுற்ற வேட்டித் துணி ஒரு துண்டு, திருப்புளி, டார்ச், ஜாக்கி, ஒரு பென்சில், வெள்ளைத்தாள். பட்டறைக்காரர் ஒருவர் கூட வந்தால் நல்லது. முதலில் தாளை சேசிஸ் எண்ணின் (வண்டிக் கூட்டில் பொறித்திருக்கும் எண்) மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் எண்ணையும் அப்படியே. 39 வருடம் ஓடிய காரில் இன்ஜின் மாற்றியிருப்பது அதிசயமில்லை. மாற்றியதைப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

எல்லாரும் இன்ஜினைத்தான் பார்ப்பார்கள். 'ஸ்டார்ட் ஆகுமா' என்பார்கள். இன்ஜின் பெரிய விஷயமே இல்லை தம்பி. 1089 சி.சி., நாலு சிலிண்டர், தண்ணீரும் எண்ணெயும் பார்த்து வைத்தால் உழைக்கிற ஜாதி. மதுரையில் இன்றைக்கும் போரிங் போட, கிராங்க் கிரைண்டிங் செய்ய, வால்வு உட்கார வைக்க ஆள் இருக்கிறார்கள். காசை விழுங்குவது தகரம்.

லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். மேலே இருக்கும் கூடு துருப்பிடித்துப் போனாலும் சட்டம் தாங்கும். என்னுடைய ஹெரால்டும் அப்படித்தான், கூடு போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். ஃபியட்டுக்கு அது கிடையாது. அதன் தரைத் தகரம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, முன் சுவர் எல்லாம் சேர்ந்துதான் சட்டம். தரை போனால் முதுகெலும்பு போனது மாதிரி.

உங்கள் கார் நின்ற இடம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. ராமேஸ்வரம், தூத்துக்குடிக் கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். வாடிப்பட்டி உலர்ந்த ஊர், அது நல்லது. ஆனால் அரிசி ஆலை! நெல் அவிக்கிற இடத்தில் ஆவி, அதன் மேல் பறந்து படியும் உமித் தூசி. அந்தத் தூசி கதவுக்குள்ளும் தரைப் பெட்டிக்குள்ளும் புகுந்து உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். அரிசி இருக்கிற இடத்தில் எலி இருக்கும். ஒயரிங் முழுதும் போயிருக்கும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுப் பஞ்சுக்குள் நாலு தலைமுறை எலி பிறந்திருக்கும்.

மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். டிரைவர் கால் வைக்கிற இடம், பேட்டரி உட்காரும் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே, மட்கார்டின் உள்வளைவு, பின் பட்டை ஸ்பிரிங்கின் முனை மாட்டியிருக்கிற இடம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. திருப்புளியின் பிடியால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் முனையால் அழுத்துங்கள், உள்ளே இறங்கினால் போச்சு. துணி சுற்றிய காந்தத்தை வெளிப்பக்கம் முழுக்க ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, பட்டி என்கிற பசையைப் பூசி மறைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஜாக்கியைப் போட்டு ஒரு பக்கம் தூக்கிவிட்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். தூக்குவதற்கு முன்னால் எப்படி மூடியதோ அப்படியே மூடினால் கூடு உறுதியாக இருக்கிறது. இடித்தாலோ, இடைவெளி மாறினாலோ வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் 90,000 என்ன, சும்மா கொடுத்தாலும் எடுக்காதீர்கள். (ஜாக்கி போட்ட வண்டிக்குக் கீழே தலையை விடாதீர்கள். கொட்டகைத் தரை மண் தரையாக இருக்கும். ஜாக்கிக்குக் கீழே கனமான பலகை வையுங்கள்.)

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்ய விடாதீர்கள். அந்த வீட்டுப் பையன் யாராவது ஆர்வத்தில் புது பேட்டரியை மாட்டி செல்ஃப் அடிப்பான். இத்தனை வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துரு பிடித்து ஒட்டியிருக்கும். மோட்டார் பலத்தில் சுற்றினால் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும். பிளக் நாலையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, ஒரு வாரம் ஊற விட்டு, கையால் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். டேங்க்கில் இருக்கும் பழைய பெட்ரோல் கோந்தாகியிருக்கும். டேங்க்கைக் கழற்றிக் கழுவாமல் ஒரு சொட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றக் கூடாது.

இப்போது பணம். இது என் கைக்கணக்கு, உங்கள் ஊர்ப் பட்டறையில் முன்னே பின்னே இருக்கும். தரை ஓரளவு நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, முழுக்கப் புதுசாக்குவதென்றால் டிங்கர் வேலையும் (தகரத்தைத் தட்டி ஒட்டுவது) பெயிண்டும் மட்டும் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. இன்ஜின் பிரித்துச் சேர்க்க ஐம்பது, அறுபதாயிரம். பிரேக், டயர், ஒயரிங், சீட்டு, கண்ணாடி ரப்பர், குரோமியம் முலாம் என்று அது தனியாக இன்னொரு லட்சத்தைத் தாண்டும். காருக்கு 90,000, ஆர்.டி.ஓ. செலவு, இழுத்து வரும் கூலி. நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது பாருங்கள். உதிரிபாகமும் முன் மாதிரி இல்லை. வண்டி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்சியாக இவை ஓடிய வரை சாமான் புழங்கியது. 2023 அக்டோபரோடு அங்கே கடைசி பத்மினி டாக்சியும் போய்விட்டது. இனி சென்னை புதுப்பேட்டையில் தேட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு செத்த வண்டியை வாங்கிக் கழற்ற வேண்டும். என்னைக் கேட்டால் காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பத்மினியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதுதான் லாபம். வேறு யாரோ பட்ட நஷ்டம் நமக்குத் தள்ளுபடி விலையில் கிடைக்கும்.

ஆனால் நீங்கள் கேட்பது கார் இல்லையே.

அதனால்தான் உங்களுக்கு வேறு யோசனை சொல்கிறேன். புதுப்பிக்காதீர்கள். ஓட வையுங்கள், நிற்க வையுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். இன்ஜின், பிரேக், டயர், ஒயரிங், டேங்க், இந்த ஐந்தும்தான். வீல் சிலிண்டர் எல்லாவற்றிலும் ரப்பர் புதுசு, பிரேக் ஆயில் புதுசு, குழாய் புதுசு. டயரில் கட்டை இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், 2011க்கு முந்தைய ரப்பர் அது, வெடிக்கும். தரையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே மட்டும் தகரம் வெட்டி வெல்டிங். பெயிண்டைத் தொடாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். 19 வருடம் ஒரே ஆள் ஓட்டிய காரில் டிரைவர் பக்கக் கதவின் மேல் விளிம்பில் முழங்கை ஊன்றிய இடம் தேய்ந்திருக்கும். ஸ்டியரிங்கில் கை பிடித்த இரண்டு இடம் வழவழவென்று ஆகியிருக்கும். இந்தக் காருக்கு கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும், அந்தக் குச்சியின் குமிழ் உள்ளங்கை பட்டுப் பட்டு நிறம் போயிருக்கும். டிங்கரிடம் முழுசாகக் கொடுத்தால் அவர் முதலில் செய்கிற வேலை அதையெல்லாம் சுரண்டி எடுப்பதுதான். புது சீட்டு, புது குமிழ், பளபளவென்று ஒரு கார் வரும். கல்யாண மண்டப வாசலில் நிறுத்தலாம். உங்கள் அப்பா அதில் இருக்க மாட்டார்.

இப்படிச் செய்தால் செலவு ஒன்றரை லட்சத்துக்குள் நிற்கும். விலையை 50,000க்கு மேல் ஏற்றாதீர்கள். 2011லிருந்து நிற்கிற வண்டி, எடைக்குப் போட்டால் அவர்களுக்கு அதில் பாதிகூட வராது. உங்கள் அப்பா அங்கே வேலை பார்த்தவர் என்பதை விலை பேசும்போது நீங்கள் எடுக்காதீர்கள், அவர்களாக எடுத்தால் நல்லது. மிச்சம் இருக்கும் பணம் ஆர்.டி.ஓ.வுக்கும் காப்பீட்டுக்கும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் தெருமுனை வரைகூட எடுக்கக் கூடாது.

முழு வேலையையும் ஒரே ஆளிடம் ஒரே தொகைக்குப் பேசாதீர்கள். என் ஹெரால்டை ஊருக்கு வெளியே ஒரு டிங்கர் பட்டறையில் மொத்தமாகப் பேசி விட்டேன். இரண்டு மாதத்தில் மினுமினுவென்று வந்தது. முதல் மழை பெய்து இருபது நாளில் மட்கார்டில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். சுரண்டிப் பார்த்தால் துருவின் மேலேயே அரை அங்குலத்துக்குப் பட்டி. நானே பட்டறைக்காரன், என்னிடமே இப்படி. அதனால் வேலை வேலையாகக் காசு கொடுங்கள். பட்டி பூசுவதற்கு முன் வெறும் தகரத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள். பள்ளிக்கூட லீவு நாளில் போய்ப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். ஸ்பேனர் பிடிக்கவும் வந்துவிடும்.

நிறுத்த இடம் இருக்கிறதா? கடிதத்தில் அது இல்லை. மேலே கூரை, கீழே சிமென்ட் தரை இரண்டும் இல்லையென்றால் இவ்வளவு நேரம் நான் எழுதியது வீண்.

தரை போய்விட்டது, ஜாக்கி போட்டால் கதவு இடிக்கிறது என்றால்? அழாதீர்கள். அந்தப் பிள்ளைகளிடம் ஸ்டியரிங்கையும் கியர்க் குமிழையும் மட்டும் கேளுங்கள். காசு வாங்க மாட்டார்கள். கழற்ற ஸ்டியரிங் நடுவில் ஒரே ஒரு நட்டுதான், ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு சுலபமாக வராது. சுத்தியலால் அடிக்காமல் புல்லர் என்கிற இழுப்பான் போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மார்க் 4 அம்பாசடர் ஒன்று விலைக்கு வருகிறது. மெட்டடார் டீசல் இன்ஜின் போட்டு அருமையாக ஓடுகிறது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கிறது. அதனால் பிரச்சினை வருமா?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: வரும். அந்தக் காலத்தில் பாதி அம்பாசடர் இப்படித்தான் ஓடியது, யாரும் கேட்கவில்லை. இன்று எரிபொருளும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகாத வண்டியைப் புதுப்பிக்கப் போனால் ஆய்வாளர் திருப்பி அனுப்புவார். அனுமதி வாங்கிப் பதியாமல் செய்த மாற்றம் சட்டப்படி தவறு. ஒரு விபத்து என்றால் காப்பீட்டுக் கம்பெனிக்கு அதுவே சாக்கு. விற்பவரே புத்தகத்தில் ஏற்றிக் கொடுத்தால் பாருங்கள். 'நீங்க வாங்கிட்டு மாத்திக்கலாம்' என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: 1986 அம்பாசடர் வைத்திருக்கிறேன். பங்க்கில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. வண்டி கெட்டுப்போகுமா?
(வாசகர், மதுரை அண்ணாநகர்)

பதில்: இன்ஜின் உடனே கெடாது, ரப்பர் கெடும். அந்தக் காலத்துப் பெட்ரோல் குழாய், பம்ப்பின் டயாபிரம், கார்புரேட்டரில் இருக்கும் வாஷர் எதுவும் எத்தனாலை நினைத்துச் செய்ததில்லை. ஊதிப்போகும், பிறகு வெடிக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பெட்ரோலுக்கென்று வருகிற குழாயாகப் பார்த்து முழுசாக மாற்றுங்கள். எத்தனால் பழைய டேங்க்கில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கரைத்துக்கொண்டு வரும், அதனால் ஆரம்பத்தில் ஃபில்டர் அடைக்கும். இரண்டு ஃபில்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். ஓட்டும்போது இழுவை குறைந்து இருமினால் கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது, கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) சற்றுப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

கூடவே ஒன்று. உங்கள் இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. 2000த்தில் அந்தப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றுவிட்டது. ஈயம்தான் வால்வு சீட்டுக்கு, அதாவது வால்வு வந்து உட்காரும் இடத்துக்கு, தலையணை மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஹெட்டை (இன்ஜினின் மேல் பாகம்) கழற்றவே இல்லை என்றால், அடுத்த முறை கழற்றும்போது கெட்டியான சீட்டு வளையம் போட்டுவிடுங்கள். எத்தனால் மேல் பழியைப் போடாதீர்கள், இது பழைய கணக்கு.

கேள்வி: என் கணவர் மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய ஹெரால்டு கார் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார். 'இந்த தை, இந்த சித்திரை' என்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. விற்கவும் விடமாட்டேன் என்கிறார். நீங்களாவது அவருக்குச் சொல்லுங்கள்.
(ஒரு சகோதரி, மேலூர்)

பதில்: அம்மா, தப்பான ஆளிடம் கேட்டுவிட்டீர்கள். இருந்தாலும் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு வருடம் சண்டை போட்டும் நான் அசையவில்லை. ஏழாவது வருடம் என் வீட்டம்மா சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, 'இந்த மாசம் இதுக்கு எவ்வளவு செலவு பண்ணப் போறீங்க, எந்த வேலைக்கு?' என்று ஒரு நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று மாதம் அந்த நோட்டு காலியாகவே இருந்தது. நாலாவது மாதம் நானே ஆள் தேடி விற்றேன். அடிச்சட்டம் நல்ல நிலையில் இருந்ததால் போட்ட காசில் பாதி வந்தது. புளிப் பானைக்குத்தான் அப்புறம் வீட்டில் இடம் தேட வேண்டியிருந்தது.

அதுவரை ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் அந்தக் காரைத் தார்ப்பாய் போட்டுத் தரை வரைக்கும் மூடி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எடுத்துவிடுங்கள். மழை உள்ளே போகாது, ஆனால் மண்ணிலிருந்து ஏறும் ஈரமும் வெளியே வராது. நாலு கம்பு நட்டு மேலே ஒரு தகரக் கூரை போட்டால் போதும், பக்கவாட்டில் காற்று போகட்டும். நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் செங்கல் அடுக்கி, டயர் தரையில் படாமல் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். விற்கும்போது அதற்கும் சேர்த்து விலை கிடைக்கும்.